கட்டுரைக்கு வாயில் அமைத்தல்

(கொல்லிமலைச் செம்மேட்டில், தமிழாசிரியர்களும் மாணாக்கர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

 

கட்டுரைக்குத் தொடக்கம் எழுதுவது எவ்வாறு என்பதுபற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். கேட்டவுடன் சிறு பொருளாகத் தோன்றும். முன்னுரை என்பது நான்கைந்து வரி. அதற்கு ஒரு பொழிவா என்று எவரேனும் எண்ணலாம். ஆனால் ஒரு மாணவன் தன் மொழியில் தானே எண்ணத் தொடங்குகின்றானா, பிறர் எண்ணி வைத்ததைப் படியெடுக்கத் தொடங்குகின்றானா என்பது அந்த நான்கைந்து வரிகளிலேயே முடிவாகிவிடுகின்றது. ஆகலின் இது சிறு பொருள் அன்று.

தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. நாற்பது தாள்களைப் பிரித்தால், நாற்பது முன்னுரையும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கும். அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தலைப்பையே திருப்பிச் சொல்வது. 'காடு காத்தல்' என்பது தலைப்பாயின், 'காடு காத்தலைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்' என்று எழுதி முன்னுரையை முடித்துவிடுவது. காண்போம் என்றவன் ஒன்றையும் காட்டவில்லை. வாயிலில் நின்றுகொண்டு 'இதுதான் வாயில்' என்று சொல்வதைப் போன்றது அது.

இரண்டாம் வகை, கடன் வாங்கிய மேற்கோள். குறள் ஒன்றையோ பாவலர் ஒருவரின் அடியையோ எழுதிவிட்டு, அதற்கும் தலைப்பிற்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமலே அடுத்த பத்திக்குத் தாவுவது. வள்ளுவர் பெருமானை வாயிலில் நிறுத்துகின்றோம், வீட்டிற்குள் அழைப்பதில்லை.

மூன்றாம் வகை, உலகனைத்தையும் வளைப்பது. மிளகுக்கொடி பற்றி எழுத வந்தவன் மாந்தன் தோன்றிய நாளிலிருந்து தொடங்குவான். மிளகுக்கு வருமுன்னே தாள் முடிந்துவிடும்.

நான்காம் வகை நமக்கே உரியது. தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. எப்பொருள்பற்றி எழுதினும் தமிழின் தொன்மையைக் கூறியே தொடங்குவது. தமிழின் தொன்மை உண்மை. அதனை உரிய இடத்தில் உரிய சான்றோடு நிறுவுதல் நம் கடன். ஆயினும் கிணற்று நீரின் தூய்மைபற்றி எழுதும் கட்டுரைக்கு அஃது எங்ஙனம் வாயிலாகும்? நன்னூலார் நூற்குற்றம் பத்து என வகுத்தவற்றுள் 'வெற்றெனத் தொடுத்தல்' ஒன்று. 'மற்றொன்று விரித்தல்' மற்றொன்று. முற்கூறிய நால்வகையும் இவ்விரு குற்றங்களுள் அடங்கும்.

இதனால் விளையும் கேடு மதிப்பெண் குறைதல் என்று எண்ணாதீர்கள். உண்மையில் மதிப்பெண் குறைவதே இல்லை, அதுதான் கேடு. கடைகளில் விற்கும் 'நோட்ஸ்' என்னும் விடைச்சுவடியில் உள்ளதை ஒரு பிழையுமின்றி எழுதியவனுக்கு நாம் முழு மதிப்பெண் இடுகின்றோம். தானாக எழுத முயன்று ஒரு தொடரில் இடறியவனுக்குக் குறைக்கின்றோம். பிள்ளைகள் அறிவிலிகள் அல்லர். எது விலைபோகும் என்று விரைவில் அறிந்துகொள்கின்றார்கள்.

என் வகுப்பில் மலையூர் மாணவன் ஒருவன், 'நான் விரும்பும் இடம்' என்னும் தலைப்பில் மாமல்லபுரக் கடற்கரையைப் பற்றிப் பிழையின்றி எழுதியிருந்தான். "தம்பி, நீ கடலைப் பார்த்திருக்கின்றாயா?" என்று கேட்டேன். "இல்லைங்க ஐயா" என்றான். "பின் ஏன் அதை எழுதினாய்?" என்றதற்கு, "நம்ம ஊரைப் பற்றி எழுதினால் கட்டுரை ஆகாதுங்க ஐயா" என்றான். பலாக்காயை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே, 'இது நாளை பழுக்கும்; அதற்கு இன்னும் நாலு நாள் ஆகும்' என்று சொல்லவல்ல பிள்ளை அவன். அவ்வறிவு தமிழில் எழுதத் தகாதது என்று அவனுக்கு எவரும் வாய்திறந்து கற்பிக்கவில்லை. அச்சிட்ட முன்னுரைகள் கற்பித்துவிட்டன.

ஆகவே, நல்ல தொடக்கம் என்பது வெறும் அழகுக்காக அன்று. எழுதுவோன் தான் கண்டதைத் தன் மொழியில் சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்ளும் இடம் அது.

முன்னோர் சொன்ன பாயிரம்

தொடக்கம் எழுதும் கலையை நாம் ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. அதற்குப் பாயிரம் என்று பெயரிட்டு, இலக்கணம் வகுத்து, முகவுரை, அணிந்துரை, நூன்முகம் எனப் பல பெயரும் இட்டு வழங்கியவர்கள் நம் முன்னோர். ஆயிரம் உறுப்பு விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்னும் அளவிற்கு அதனைப் போற்றினர்.

ஏன் அத்துணைப் போற்றினர்? பழைய உரையாசிரியர்கள் இதற்கு இரண்டு உவமைகள் கூறுகின்றனர். பாயிரம் கேளாமல் நூலுக்குள் புகும் மாணாக்கன், மலையில் முட்டிக்கொண்ட குருவியைப் போலவும், வேட்டுவர் குறிச்சிக்குள் வழிதவறி நுழைந்த மானைப் போலவும் இடர்ப்படுவான் என்பர். மலையில் வாழும் உங்களுக்கு இவ்வுவமைகளை விளக்க வேண்டியதில்லை. குருவிக்குப் பறக்கும் ஆற்றல் இல்லாமலில்லை, வழி தெரியவில்லை. மானுக்கு ஓடும் விரைவு இல்லாமலில்லை. எங்கு வந்திருக்கின்றோம் என்பது தெரியவில்லை. படிப்பவன் அறிவில்லாதவன் அல்லன். எங்கே அழைத்துச் செல்கின்றோம் என்பதை நாம்தான் அவனுக்குக் காட்டவில்லை.

சிறப்புப்பாயிரம் கூறவேண்டியவை ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு என்பர். ஒரு பக்கக் கட்டுரைக்கு எட்டும் வேண்டா, மூன்று போதும். எதைப்பற்றி எழுதுகின்றேன் என்பது நுதலிய பொருள். யாருக்கு எழுதுகின்றேன் என்பது கேட்போர். படித்தவனுக்கு என்ன கிடைக்கும் என்பது பயன். இம்மூன்றும் எழுதுவோன் உள்ளத்தில் தெளிவாக இருந்தால், அவற்றை வெளிப்படச் சொல்லாவிடினும் முதல் தொடர் நேராக வந்து நிற்கும். இவற்றுள் ஒன்று தெளிவில்லையெனினும் 'இக்கட்டுரையில் காண்போம்' என்னும் தொடர்தான் வரும்.

ஓரிக்கு மூன்று வாயில்

இனி, இலக்கணத்தை விட்டு இலக்கியத்திற்கு வருவோம். செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரியை நீங்கள் நாளும் காண்கின்றீர்கள். ஆடித் திங்கள்தோறும் அரசு அவனுக்கு விழா எடுக்கின்றது. அவ்வொருவனைப் பற்றிப் புறநானூற்றில் மூன்று பாடல்கள் தனித்தனியே மூன்று வகையாகத் தொடங்குகின்றன. 152-ஆம் பாடலும் 153-ஆம் பாடலும் வன்பரணர் பாடியவை. 204-ஆம் பாடல் கழைதின் யானையார் பாடியது. கட்டுரைத் தொடக்கம் கற்பிக்க இம்மூன்றினும் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

152-ஆம் பாடல் நிகழ்ச்சியில் தொடங்குகின்றது. யானையை வீழ்த்திய அம்பு ஒன்று, அதனோடு நில்லாமல் புலியைச் சாய்த்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் சென்று தைக்கின்றது. எய்தவன் இன்னான் என்று புலவர் முதலில் சொல்லவில்லை. படிக்கும் நமக்கே 'யார் இவன்?' என்று கேட்கத் தோன்றுகின்றது. நாம் கேட்கும் அதே நொடியில் பாணர் குழுவும் கேட்கின்றது. ஊன் விற்கும் வேடனாகத் தெரியவில்லையே, செல்வனாகத் தோன்றுகின்றானே, ஓரிதானோ அல்லனோ என்று ஐயுறுகின்றது. பின்னர்ப் பாடுகின்றார்கள், பெயரைக் கேட்டு அவன் நாணுகின்றான், அவர்கள் இரக்குமுன்னே ஊனும் நறவும் மலையிற் பிறந்த பொன்னும் மணியும் தருகின்றான். 'ஓரி சிறந்த வில்லாளி. பெரிய வள்ளல்' என்று புலவர் தொடங்கியிருந்தால் நாம் தலையசைத்துவிட்டு அடுத்த பாட்டிற்குப் போயிருப்போம்.

153-ஆம் பாடல் இடத்திலும் ஆளிலும் தொடங்குகின்றது. முகில் சூழ்ந்த மலைக்குரியவன், நாள்தோறும் இரப்போர்க்கு யானை ஈபவன் என்று, மலையையும் மன்னனையும் ஒரே பார்வையில் நிறுத்துகின்றார். இத்தொடக்கத்தில் புதிர் இல்லை. மலை பெரிது, கொடையும் பெரிது என்னும் ஒப்புமையே நம்மை உள்ளே அழைக்கின்றது. இறுதியில், பரிசில் பெற்றுப் பசி நீங்கிய கூத்தர் ஆடலையும் பாடலையும் மறந்தே போயினர் என்று முடிக்கின்றார். தொடக்கத்தில் சொன்ன கொடையின் அளவு முடிவில் மெய்ப்பிக்கப்படுகின்றது.

204-ஆம் பாடல் பொதுவுண்மையில் தொடங்குகின்றது. இரத்தல் இழிவு, இல்லையென மறுத்தல் அதனினும் இழிவு. வலியக் கொடுத்தல் உயர்வு, கொள்ளேன் என்றல் அதனினும் உயர்வு. இதைச் சொன்ன பிறகே, கடல்நீர் எத்துணைப் பெரிதாயினும் வேட்கையுற்றோர் அதை உண்பதில்லை, ஆவும் மாவும் கலக்கிய சிறு நீரிடத்திற்கே வழிகள் பல உண்டாகும் என்கின்றார். பரிசில் நீட்டித்த ஓரியை நோக்கி, உன்னை நான் நொந்துகொள்ளேன், வாழ்க என்கின்றார். எவர்க்கும் பொதுவான அறம்போல் வந்த முதலடிகள், கடைசியில் ஒருவனைச் சுட்டிப் பேசும் பேச்சாகின்றன. பொதுவுண்மை தனியொருவன் மேல் வந்து இறங்குகின்றது, வானத்திலேயே நின்றுவிடவில்லை. நம் மாணவர் எழுதும் பொதுவுண்மைகள் பெரும்பாலும் வானத்திலேயே நின்றுவிடுகின்றன.

ஒரே தலைவனுக்கு மூன்று வாயில். எது சிறந்தது என்று கேட்பது பொருந்தாது. வியப்பைச் சொல்ல வந்தவர் நிகழ்ச்சியைத் தெரிந்துகொண்டார். பெருமையைச் சொல்ல வந்தவர் மலையைத் தெரிந்துகொண்டார். மனவருத்தத்தை நயமாகச் சொல்ல வந்தவர் அறத்தைத் தெரிந்துகொண்டார். சொல்ல வந்ததே வாயிலைத் தெரிந்தெடுக்கின்றது.

நம் மண்ணில் ஒரு பயிற்சி

இம்மூன்றையும் நம் மண்ணின் பொருள் ஒன்றில் வைத்துப் பார்ப்போம். 'சிறுகூலங்கள்' என்பது தலைப்பு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த இம்மலையின் சரிவுகள் பலவற்றில், விலைபோகும் பயிராக மரவள்ளி வந்து இடம்பிடித்ததை நீங்கள் அறிவீர்கள். இதை எழுதும் மாணவி ஒருத்தி இவ்வாறு தொடங்கலாம்:

"பாட்டி உரலில் சாமை குத்தும் ஓசை கேட்டே நான் விழித்தெழுவது வழக்கம். இவ்வாண்டு அவ்வோசை கேட்கவில்லை." இது நிகழ்ச்சி.

"எங்கள் வீட்டிற்கு மேலுள்ள சரிவில் முன்பு சாமை விளைந்தது, இன்று மரவள்ளி நிற்கின்றது." இஃது இடம்.

"உண்பதற்கு விளைப்பது வேறு, விற்பதற்கு விளைப்பது வேறு." இது பொதுவுண்மை.

மூன்றிலும் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை, அயற்சொல்லும் இல்லை. ஆயினும் ஒவ்வொன்றும் ஒரு வினாவை எழுப்புகின்றது. முதலாவது, ஏன் கேட்கவில்லை என்று கேட்க வைக்கின்றது. இரண்டாவது, ஏன் மாறியது என்று கேட்க வைக்கின்றது. மூன்றாவது, என்ன வேறுபாடு என்று கேட்க வைக்கின்றது. கேட்க வைத்தால் படிப்பான். அவ்வினாவிற்குரிய விடையே கட்டுரையின் உடல். வினாவை எழுப்பிவிட்டு விடை தராமல் போவது, விருந்தினரை அழைத்துவிட்டுக் கதவைச் சாத்துவதாகும்.

தமிழ்த்தொடரின் இயல்பு

இங்கு நம் மொழியின் இயல்பு ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வினை வந்துவிடும். தமிழில் பெரும்பாலும் வினை இறுதியில் வரும். பெயரெச்சங்களும் வினையெச்சங்களும் அதற்குமுன் அடுக்கி நிற்கும். இது நம் மொழியின் வளம். ஆனால் முதல் தொடரில் இவ்வளத்தை அளவின்றிச் செலவிட்டால், படிப்பவன் எதைப்பற்றிய பேச்சு என்று அறியுமுன்னே களைத்துவிடுவான். ஒன்று கேளுங்கள்:

"பல்லாண்டுகளாக இம்மலையில் வாழும் மக்களால் முன்னோர் வழிப்பெற்ற அறிவைக்கொண்டு மேட்டுநிலங்களில் மழையை நம்பிப் பயிரிடப்பட்டு அன்றாட உணவாகக் கொள்ளப்பட்டு வந்த சாமை இற்றைநாளில் குறைந்து வருகின்றது."

இலக்கணப் பிழை இதில் இல்லை. ஆயினும் 'சாமை' என்னும் சொல் வருமுன் பதினைந்து சொற்களைச் சுமந்து நடக்க வேண்டியிருக்கின்றது. இனி இதைக் கேளுங்கள்:

"சாமை குறைந்து வருகின்றது. மழையை மட்டுமே நம்பி மேட்டுநிலத்தில் விளைவது அது. நம் முன்னோரின் அன்றாட உணவு அது."

செய்தியில் பெரிய வேறுபாடில்லை, வழி வேறு. வன்பரணரின் அம்புப் பாட்டிலும் முதலடி முடியுமுன் அம்பு வந்துவிடுகின்றது. அதன்பின் எத்தனை விலங்கு அடுக்கினும் நாம் தடுமாறுவதில்லை. அம்பைத் தொடர்ந்து போகின்றோம். முதல் தொடரில் பொருளை முன்னே நிறுத்துக. அடுக்குவதைப் பின்னே அடுக்குக.

பத்தியின் முதல் தொடர்

கட்டுரைக்குச் சொன்னது பத்திக்கும் பொருந்தும். ஒவ்வொரு பத்தியும் ஒரு சிறு வீடு. அதற்கும் வாயில் வேண்டும். அவ்வாயில் இரண்டு வேலை செய்ய வேண்டும். முன்பத்தியிலிருந்து வருபவனை வரவேற்க வேண்டும்; இப்பத்தியில் என்ன உண்டு என்பதைக் காட்டவும் வேண்டும்.

இதிலும் நம் உரையாசிரியர்களே ஆசான்கள். 'இனி' என்று புதுப்பொருளுக்கு மாறுவர், 'அற்றேல்' என்று மறுப்பை எழுப்புவர், 'என்னை?' என்று தாமே கேட்டுத் தாமே விடை கூறுவர். மாணாக்கன் எதிரே அமர்ந்து கேட்பதுபோல் எண்ணி எழுதியமையால், எத்தனையோ நூற்றாண்டு கடந்தும் அவ்வுரைகளில் பேச்சுயிர் இருக்கின்றது. அச்சொற்களையே நீங்கள் எடுத்தாள வேண்டும் என்பதில்லை. 'அப்படியானால்', 'ஆனால் ஒன்று', 'இதற்குக் கரணியம் என்ன?' என்று எழுதலாம்.

எழுதி முடித்தபின் ஓர் ஆய்வு செய்து பாருங்கள். பத்திகளின் முதல் தொடர்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள். "சாமை குறைந்து வருகின்றது. இதற்கு முதற் கரணியம் விலை. விலை மட்டுமே கரணியம் அன்று. சாமையைக் குத்திப் புடைக்கும் உழைப்பும் பெரிது. அவ்வுழைப்பைக் குறைக்க வழியுண்டு." இவ்வைந்தையும் படித்தாலே கட்டுரையின் எலும்புக்கூடு தெரிகின்றதன்றோ? அவ்வாறு தெரியாவிடின், குறை தொடரில் இல்லை. எண்ணத்தின் ஒழுங்கில் இருக்கின்றது.

முதலில் நிற்பது முடிவில் எழுதப்படுவது

தொல்காப்பியத்திற்குச் சிறப்புப்பாயிரம் தந்தவர் தொல்காப்பியர் அல்லர். அவரோடு உடன்பயின்ற பனம்பாரனார். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது ஒரு கரணியம். மற்றொன்றும் நாம் கருதலாம்: நூல் முழுவதும் கண்டவர்க்கே அதன் பாயிரம் கூற இயலும். ஆகவே, வீட்டில் எழுதும் கட்டுரையாயின் உடலை முதலில் எழுதுங்கள். தொடக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டாம் பத்தியில் உங்கள் உண்மையான தொடக்கம் ஒளிந்திருக்கும். முதற் பத்தியை அடித்துவிட்டால் அது வெளிப்படும். தேர்வறையில் அதற்குக் காலமில்லை. அங்கே எழுதுமுன் ஐந்து மணித்துளி எண்ணி, முடிவுத் தொடரை உள்ளத்தில் வைத்துக்கொண்டு முதல் தொடரை எழுதுங்கள்.

எழுதியதைத் திருத்த நாணவேண்டியதில்லை. 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள், தாம் முன்னர் எழுதிய நூல்களையே மீண்டும் எடுத்துத் தனித்தமிழாக்கினார். 'ஞானசாகரம்' என்னும் தம் இதழின் பெயரையே 'அறிவுக்கடல்' என மாற்றினார். ஆங்கிலக் கட்டுரையாளர் அடிசனின் கட்டுரைகள் சிலவற்றைத் தமிழில் தந்தவரும் அவரே. அந்த அடிசன் 1711-இல் தம் இதழைத் தொடங்கியபோது, எழுதுவோன் கருநிறத்தனா வெண்ணிறத்தனா, மணமானவனா ஆகாதவனா என்றெல்லாம் அறியப் படிப்போர் விரும்புவர் என்று, படிப்பவர் ஆவலிலிருந்தே பேச்சைத் தொடங்கினார். படிப்பவனை நினைத்துத் தொடங்குதல் எந்நாட்டிற்கும் பொது.

நமக்கு அண்மையிலேயே மற்றொரு சான்று உண்டு. மொழிஞாயிறு பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ் பயிற்றினார். சொல்லாராய்ச்சியில் கடலளவு ஆழ்ந்த அப்பெருமகனார், மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பிக்கும் நூல்களையும் எழுதினார். வேர்ச்சொல் காண்பதும் சிறுவனுக்கு ஒரு தொடர் எழுதக் கற்பிப்பதும் ஒரே பணியின் இரு கைகள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதை நாம் மறந்துவிடலாகாது. கட்டுரையிலிருந்து அயற்சொற்களைக் களைகின்றோம், நன்று. ஆனால் சொல்லெல்லாம் தமிழாயிருந்தும் எண்ணம் கடையில் வாங்கியதாயின், அக்கட்டுரை எவ்வாறு தமிழாகும்? அயற்சொல் களைதல் பாதிப்பணி. அயலார் எழுதிக் கொடுத்த முன்னுரையைக் களைதல் மறுபாதி. மலைப்பிள்ளையின் கண் கண்டதும் செவி கேட்டதும் எழுத்தில் ஏறும்போதுதான் இம்மொழி அடுத்த தலைமுறைக்கும் உரியதாகும்.

ஆசிரியப் பெருமக்களே, ஒரே ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு உங்கள் வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் ஒரு 'தொடக்கச் சுவடி' வைத்துக்கொள்ளட்டும். நாளொன்றுக்கு ஒரே ஒரு முதல் தொடர். கட்டுரை வேண்டா, தொடர் மட்டும். வரும் வழியில் கண்டது, வீட்டில் கேட்டது, வயலில் தொட்டது. அதற்கு மதிப்பெண் இடாதீர்கள். பிழையை மட்டும் மெல்லச் சுட்டுங்கள். நல்லதொன்றை வகுப்பில் உரக்கப் படியுங்கள். ஓராண்டில் ஒருவனிடம் இருநூறு தொடர்கள் சேரும். அவற்றுள் பத்துத் தேறினாலும், அவனுக்கு இனி எவர் முன்னுரையும் வேண்டியிராது.

மாணாக்கச் செல்வங்களே, இங்குப் பெய்யும் மழைதான் ஐயாறாகி, அருவியாய் வீழ்ந்து, புளியஞ்சோலைப் பக்கமாகச் சமநிலத்திற்கு இறங்குகின்றது. கீழே உள்ளவர்கள் அந்நீரைக் காண்கின்றார்கள். அது பிறக்கும் இடத்தை நீங்கள் காண்கின்றீர்கள். நீங்கள் எழுதினாலன்றி அவர்கள் அறியார். கண்டதை எழுதுங்கள், கண்டவாறே தொடங்குங்கள், தமிழில் எழுதுங்கள்.

வாழ்க தமிழ்! வணக்கம்.